டீக்கடை மேடு

எங்கள் பக்கத்தில் வேகத்தடைகளுக்குப் பெயர் உண்டு. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வரிசையாகக் குரல் கொடுப்பார்: போஸ்ட்மேன் மேடு, டெய்லர் மேடு, புதுமாப்பிள்ளை மேடு. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், இவர்களெல்லாம் ஊருக்கு நல்லது செய்த பெரிய மனிதர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருவகையில் அப்படித்தான். ஒவ்வொருவரும் அந்தந்த இடத்தில் அடிபட்டுச் செத்தவர்கள். செத்ததும் ஊர் திரண்டு மறியல் செய்யும், அதிகாரி வருவார், இரண்டொரு நாளில் தார் மேடு முளைக்கும்.

எங்கள் வீட்டு வாசலில் மேடு இல்லை. அதாவது, அங்கே இன்னும் யாரும் சாகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தாள். வீடு சாலைக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவில் ஜல்லி லாரிகள், கடல் பார்க்கப் போகும் கார்கள், ஸ்டாண்டை யார் முதலில் பிடிப்பது என்று போட்டி போடும் பஸ்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும்போது எனக்குத் தினமும் உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் லாரியின் காற்று அவள் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டது. அன்றைக்கே ரோடு ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார்.

"உங்க இடத்துல கேஸ் ஏதாவது ஆகியிருக்கா மேடம்?"

"என்ன கேஸ் சார்?"

"உயிரிழப்பு."

"இல்ல சார். அது ஆகக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

"அப்ப வேகத்தடைக்கு வழியில்லையே," என்றார், உண்மையான வருத்தத்தோடு. வயது நிரம்பாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவளிடம் பேசுவதுபோல, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

பொறுத்தேன். அதற்குள் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. என் மகளின் வகுப்பைக் காகிதத் தொப்பி மாட்டி வெயிலில் நிறுத்தி, 'மெதுவாகச் செல்வோம்' என்ற அட்டையைப் பிடிக்க வைத்தார்கள். கொடியசைக்க வந்த பிரமுகரின் கார், அன்றைக்கென்று சுண்ணாம்பில் போட்ட ஜீப்ரா கோட்டின் மேலேயே நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் நடந்து, மெதுவாகச் செல்லும்படி உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். முடிவில் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய். முதல் மழையில் கோடும் கரைந்துபோனது.

அடுத்து என் கணவரின் முறை. அவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஸ்டாஃப் பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். ஒருநாள் காலையில் ரோட்டைத் தாண்டியவரை வேன் ஒன்று தூக்கிப் போட்டது. தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் வந்தார். மறியல் என்றால் முதல் ஆளாகக் கடை பெஞ்சை ரோட்டின் குறுக்கே போடுகிறவர்.

"சார் எப்டிம்மா கீறாரு?"

"பிழைச்சிட்டாருண்ணே."

"நல்லதும்மா. சாமிதான் காப்பாத்திச்சு." பிறகு தலையைச் சொறிந்தார். "பெஞ்சு போட்டு ஆளெல்லாம் சேத்துட்டேம்மா. சார் உசுரோட கீறாருன்னதும் அல்லாரும் அவங்கவங்க வேலைய பாத்துக்கினு போய்ட்டாங்க. இன்னொரு தபா கூப்ட்டா வருவானுங்களா, நீயே சொல்லு."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை, அவர் எங்களுக்காகத்தான் கவலைப்பட்டார். கோபமெல்லாம் மறுபடி ரோடு ஆபீஸுக்குப் போனபோதுதான் வந்தது. "காயம்தானே மேடம், கேஸ்ல சேராது," என்றார் அதிகாரி. என் கணவர் பிழைத்துக்கொண்டதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. கணவரோ வீட்டுக்கு வந்ததும் ஊன்றுகோலோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, "என் பேர்ல ஒரு மேடு வந்திருக்கும், நானே கெடுத்துக்கிட்டேன்," என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

டீக்கடைக்காரர் செத்த அன்று என் கணவர் சிரிக்கவில்லை. பட்டப்பகலில் பால் கேனோடு ரோட்டைத் தாண்டும்போது ஜல்லி லாரி அடித்துவிட்டது. மறியலுக்கு அவருடைய பெஞ்சையே குறுக்கே போட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். இனி என் பெண் பத்திரம் என்ற நினைப்பு அங்கேயே எனக்கு வந்தது. சீ என்றிருந்தது.

கருமாதிக்கு முன்பே மேடு வந்துவிட்டது, வெள்ளைக் கோடெல்லாம் போட்டு. மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்க கேட்டது வந்துடுச்சு பாருங்க மேடம்," என்றார்.

சீக்கிரமே கண்டக்டர் "டீக்கடை மேடு எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். லாரிகள் முனகிக்கொண்டே ஏறி இறங்கின. டீக்கடையை அவர் மனைவி கொஞ்ச நாள் நடத்திப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். என் மகள் பள்ளிப் படிப்பு முடியும்வரை அந்த மேட்டின் தயவில் தனியாகவே போய் வந்தாள்.

அவளுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்த வருஷம், மாமல்லபுரத்தில் ஏதோ விழாவுக்கு ஒரு மந்திரி வந்தார். அவர் கார் குலுங்கக் கூடாது என்று வழியிலிருந்த மேடுகளையெல்லாம் சுரண்டி எடுத்து ரோட்டை வழவழப்பாக்கினார்கள். போஸ்ட்மேன், டெய்லர், புதுமாப்பிள்ளை எல்லோரும் இரண்டாம் முறையாகப் போனார்கள். மந்திரி அலுங்காமல் வந்து அலுங்காமல் திரும்பினார். மேடுகள் திரும்பவில்லை. என் மகளின் கம்பெனி வண்டியும் எதிர்ப்பக்கம்தான் நிற்கும்.

மறுபடி ரோடு ஆபீஸ். அதிகாரி புதியவர், சின்ன வயது, மேஜைமேல் கம்ப்யூட்டர். கேள்வி மட்டும் பழையது.

"அங்க கேஸ் ஏதாவது ஆகியிருக்கா மேடம்?"

இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது. "ஆகியிருக்கு சார். டீக்கடைக்காரர் ஒருத்தர் செத்திருக்கார்."

அவர் தட்டிப் பார்த்தார். "அந்த கேஸுக்குத்தான் அப்பவே போட்டாச்சே மேடம். அதுக்கப்புறம் ஒண்ணும் ஆகலையே."

திரும்பும்போது பஸ்ஸில் "டீக்கடை மேடு ஒண்ணு" என்றேன். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மேடு இருந்த இடத்தில் வேகம் குறையாததால் பஸ் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நின்றது. இறங்கி நடந்து வந்தேன். எதிர்ப்பக்கம், வேலை முடிந்து வந்த என் மகள் பையை மார்போடு அணைத்தபடி, ரோட்டைத் தாண்டுவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.