போர்வைக்குப் பின்னால் நின்றவர்

ஸ்டூடியோவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். படத்தில் இருக்கும் ஆளை மட்டும் பிரித்தெடுத்து, பின்னால் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு நீலமோ வெள்ளையோ போடுவதுதான் வேலை. சும்மா சொல்லக் கூடாது, எமகாதகி. காற்றில் பறக்கும் முடியைக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவாள். முடித்ததைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். "குப்பையைச் சேர்த்து வெச்சு என்ன பண்ணப் போற? இடத்தை அடைக்குது" என்பார். பழகிப் பழகி அவள் கை தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போய்விடும்.

அப்பா இறந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுவரில் மாட்ட அப்பாவின் படம், அதுவும் சிரிக்கிற படம். இவள் அடையாள அட்டையில் இருந்ததைக் காட்டினாள்.

"இது அவரே இல்லடி. எவனோ திருடன் முறைச்சுக்கிட்டு இருக்கான்" என்று அம்மா தள்ளிவிட்டாள்.

வேறு படத்துக்கு எங்கே போவது? அந்த மனுஷன் கேமராவைக் கண்டால் காத தூரம் ஓடுவார். அப்போதுதான் வேலைக்கு மனுப் போடத் தம்பிக்கு எடுத்த படம் ஞாபகம் வந்தது. வீட்டிலேயே எடுத்தது. பின்னால் வெள்ளைப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பாதான். தம்பி விறைத்துப்போய் நிற்க, போர்வைக்கு மேலாகத் தலையை நீட்டி, "டேய், வேலைக்குப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்றார். தம்பி சிரித்துவிட்டான். அப்பாவும் வாய் நிறையச் சிரித்தார். அந்த நொடியில்தான் இவள் ஃபோனை அழுத்தினாள்.

இதைச் சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது. "அது போதும்டி. அதையே பெருசாக்கி மாட்டிடலாம்."

பாவி, தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? எடுத்த ஃபோன் எப்போதோ தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது. தம்பியிடம் இருந்தது, ஸ்டூடியோவில் பின்னணியை அழித்து அவள் அனுப்பிய நீலப் படம்தான். ஸ்டூடியோ கம்ப்யூட்டரைச் சல்லடை போட்டுச் சலித்தாள். அங்கேயும் அதுவேதான் இருந்தது. பழக்க தோஷம், சொந்த வீட்டுப் படத்தையும் பழையதின் மேலேயே சேமித்திருக்கிறாள். "இந்த அப்பா எங்க போனாலும் குறுக்க வந்துடுவார்" என்று தம்பியிடம் கேலி பேசிக்கொண்டே அழித்தது வேறு நினைவுக்கு வந்து தொலைத்தது.

அப்படியும் ஒரு நப்பாசை. எங்கேயாவது கொஞ்சம் பிசகியிருக்க மாட்டோமா? படம் கட்டம் கட்டமாக உடையும்வரை பெரிதாக்கினாள். தம்பியின் தோளோரம், காதுமடல், முடிக்கு நடுவே இருந்த சந்துகள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அப்பாவின் விரல் நுனி, ஒரு நரைமுடி, ஏதாவது ஒன்று. மருந்துக்கும் இல்லை. தன் வேலையில் தப்பு இருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போனபோது அம்மா சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தாள். இவள் நடந்ததைச் சொல்லிப் படத்தை நீட்டினாள். அம்மா வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வெறும் நீலம்.

"ஓரத்துலகூட இல்லையாடி?"

"இல்லம்மா."

"கொஞ்சம் விட்டு வெட்டியிருக்கக் கூடாதா?"

"நல்லா வெட்டிட்டேம்மா" என்றாள்.