தண்டோரா போடாத ஒரே வேலை

என் வீட்டுக்காரருக்கு அவருடைய உலகத்தில் தண்டோரா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் "யாரு?" என்று கேட்பார்கள். காட்டையும் ஆற்றையும் அங்கே திரிகிற பிராணிகளையும் ஆராய்கிற கூட்டம் அது. எங்கே வேலை காலியாக இருக்கிறது, எந்தப் பேராசிரியர் ஆய்வு மாணவர்களை எடுக்கிறார், காட்டில் கேமரா கட்ட யாருக்கு ஆள் வேண்டும், பழைய பைனாகுலரை யார் விற்கிறார் என்று எல்லாவற்றையும் விசாரித்துப் போனில் ஒரு குரூப்பில் போடுவது இவருடைய வேலை. வேலை என்று நான்தான் சொல்கிறேன். அதற்கு எவனும் சம்பளம் கொடுத்ததில்லை.

சம்பளம் வருகிற வேலை வேறு. ஓர் ஆராய்ச்சி மையத்தில் ஒப்பந்த ஆய்வாளர். நீர்நாய்கள் ஆற்றங்கரைப் பாறைகளில் விட்டுப்போகும் எச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அலசி, காயவைத்து, அதிலுள்ள செதிலையும் முள்ளையும் நுண்ணோக்கியில் பார்த்து, அது என்ன மீனைத் தின்றது என்று சொல்வார். டாக்டர் பட்டம் வாங்கியதே இதற்குத்தான். கல்யாணமான புதிதில் மாவு சலிக்கிற சல்லடையைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டேன். மொட்டைமாடியில் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

"நல்லா கழுவித் தந்துடறேன்" என்றார்.

"வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சல்லடை. அவருடையதில் நான் சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறேன்.

ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடியும். பிறகு நீட்டிப்பார்கள், அல்லது நீட்டிப்பார்கள் என்று சொல்வார்கள். அந்த நாட்களில் இவருக்குச் சோறு இறங்காது. நிரந்தரமாக எடுக்க வேண்டுமென்றால் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது அங்கே விதி. நான் சொல்லவந்த சமயத்தில் அதைத் தாண்ட இவருக்குச் சில மாதங்கள்தான் பாக்கி. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் வேலை தேடிக் கொடுத்தவருக்கு ஒரு வேலை அமையவில்லை. கேட்டால், "எனக்குத் தோதா எதுவும் வரலையே" என்பார். ஆற்றில் எத்தனை நீர்நாய் இருக்கிறது என்று கவலைப்பட ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அந்தக் குரூப்பை அவர் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. படிப்பு முடிந்த வருடம் ஒரு நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்தது. விடுதியில் இவருடைய அறையிலேயே தங்கியிருந்தவன் அதைப் பலகையிலிருந்து கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தனியாக எழுதிப்போட்டு, வேலையையும் வாங்கிவிட்டான். இன்று அதே மையத்துக்கு இயக்குநர் அவன்தான். இவருக்கு மேலதிகாரி. இவர் அவன்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன். இவர் செய்ததெல்லாம் குரூப்பை ஆரம்பித்து, "வந்த செய்தி வந்த அன்றே போக வேண்டும்" என்று அதன் தலையில் எழுதிவைத்ததுதான்.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு: "அனுப்பும் முன் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்." யாரோ ஒரு புண்ணியவான் தன் மனைவிக்கு எழுதியதை ஆயிரம் பேருக்கு அனுப்பிவைத்த பிறகு சேர்த்த வரி அது.

ஆற்றுப் பக்கம் சிக்னல் கிடையாது. அதனால் என்னையும் குரூப்பில் ஓர் அட்மினாக்கிவிட்டார். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். ஒரு பக்கம் கன்னம் வீங்கியவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டே, மறுபக்கம் வௌவால் கணக்கெடுக்க ஆள் தேவை என்று போட்டுக்கொண்டிருப்பேன். பெயர்கள் மனதில் நிற்காததால் பிராணியை வைத்தே எல்லாரையும் போனில் பதிந்துவைத்தேன். வௌவால் தம்பி, தவளைக்காரர், ஆந்தைப் பொண்ணு.

எந்த அறிவிப்பைப் போட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் யாராவது, "கடைசி தேதி எப்போ சார்?" என்று கேட்பார்கள். தேதி கொட்டை எழுத்தில் அங்கேயே இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர் பொறுமையாகத் தேதியைத் திரும்ப எழுதுவார்.

"கண்ணு தெரியாதா இவங்களுக்கு? போட்டிருக்கே!" என்று ஒருநாள் கத்தினேன்.

"பதட்டத்துல கேக்கறாங்க. வேலை இல்லாதவனுக்கு எழுத்து கண்ணுல நிக்காது" என்றார்.

ஆந்தைப் பொண்ணுக்கு மட்டும் இவர் மூலமாக இரண்டு வேலை கிடைத்தது. இரண்டும் பணம் தீர்ந்து மூடிப்போன திட்டங்கள். இரண்டாவது மூடிய அன்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "அண்ணா மட்டும் இல்லேன்னா நான் இந்த லைனை விட்டே ஓடியிருப்பேன் அக்கா" என்றாள். ஓடியிருந்தால் நன்றாக இருந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு தட்டை எடுத்துவைத்தேன்.

ஒருநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இயக்குநர் போன் செய்தார். இவருக்குக் கை ஈரம். ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், நீர்நாய்க்குன்னே ஒரு பர்மனென்ட் போஸ்ட் வாங்கிட்டேன். உனக்காகத்தான் வாங்கினது. ஆபீஸ் போர்டுல ஒட்டிட்டேன். விதிப்படி அது போதும். நம்ம போர்டை எவன் நின்னு படிக்கறான்? நீ மட்டும் குரூப்ல போடாம இரு. நீ போடலேன்னா யாருக்கும் தெரியாது."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் பண்ணினது எனக்கு இன்னும் உறுத்துதுடா. இதோட சரியாப்போகட்டும்" என்றார் அவர்.

போனை வைத்த பிறகு இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடப்போறீங்களா?" என்று கேட்டேன். "தெரியல" என்றார். அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஊருக்கெல்லாம் உழைத்தாயிற்று, ஒருமுறை தனக்காக வாயை மூடிக்கொண்டால் எந்த ஆறு வற்றிவிடும் என்று நினைத்தேன்.

அன்று போடவில்லை. மறுநாளும் போடவில்லை. போனை எடுப்பார், தடவுவார், வைப்பார். அதற்குப் பதிலாக, ஏதோ ஒரு தீவில் சம்பளமில்லாமல் கடற்பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலையை மூன்று முறை போட்டார். அந்த வாரம் ஆந்தைப் பொண்ணு கூப்பிட்டாள்.

"அண்ணா, பர்மனென்ட்டா எங்கயாவது ஏதாவது வருதா?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

போனை வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனவர் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். "என்னங்க?" என்றேன். "நான் அவனாயிட்டேன்" என்றார். யார் அவன் என்று நான் கேட்கவில்லை.

விண்ணப்பத்தை அனுப்பிய மறுநாள் காலை ஆற்றுக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்முன் இயக்குநருக்கு வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பலாம் என்று போனை எடுத்திருக்கிறார். பட்டியலில் மேலே இருந்தது இயக்குநரின் பெயர். விரல் படுகிற நேரத்தில் எவனோ குரூப்பில் கடைசி தேதி கேட்க, குரூப் மேலே ஏறிவிட்டது. இவர் பார்க்கவில்லை. ஆயிரம் பேருக்குப் பாருங்கள், பாருங்கள் என்று சொன்ன மனிதர் பார்க்கவில்லை. குரூப்புக்கே பேசி அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் மேஜையில் இருந்தேன். எதிரே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் பேசியிருக்கிறார் என்று நினைத்துக் காதில் வைத்தேன்.

"டேய், அப்ளிகேஷன் அனுப்பிட்டேன். நீ சொன்ன மாதிரி குரூப்ல போடல. யாருக்கும் தெரியாது. அந்த ஆந்தைப் பொண்ணு கேட்டுச்சு, அதுகிட்டகூட இல்லேன்னுட்டேன். மனசு கேக்கலடா. ஆனா இதை விட்டா எனக்கு இனிமே யாரு குடுப்பா? பாத்து செய்."

உடனே இவரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது. எதிரே நின்றவர், "எனக்கு முன்னாடி எத்தனை பேரும்மா?" என்றார். நான் அட்மின் அல்லவா, அழித்துவிட்டேன். அட்மின் அழித்தார் என்று என் பெயரோடு அங்கே வந்து நின்றது. கேட்காதவர்களெல்லாம் "என்னது அது? என்ன அழிச்சீங்க?" என்று ஓடிவந்தார்கள். முதலிலேயே கேட்டு வைத்திருந்த ஒருவன் அதைத் திரும்பப் போட்டான். அதை அழித்தேன். இன்னொருவன் போட்டான்.

பிறகு வரிசையாக வெளியேறத் தொடங்கினார்கள். தவளைக்காரர் வெளியேறினார். வௌவால் தம்பி, "எத்தனை வருஷமா இப்படி நடக்குது?" என்று எழுதிவிட்டு வெளியேறினான். அதற்குப் பின்னால் எழுதியவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தங்களுக்கு இதுவரை கிடைக்காத வேலையெல்லாம் இவர் சட்டைப்பையில் இருந்த மாதிரி பேசினார்கள். இந்த மனிதர் ஒளித்துவைத்தது இது ஒன்றைத்தான் என்று எழுத நினைத்தேன். எழுதினால் யார் நம்புவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பல்லைக் கடித்தால் தேய்ந்துபோகும் என்று எங்கள் டாக்டர் எல்லாருக்கும் சொல்வார்.

ஆந்தைப் பொண்ணு குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அது நீர்நாய் போஸ்ட். நான் அப்ளை பண்ணியிருக்கவே மாட்டேன். எனக்கு ஆந்தையைத் தவிர என்ன தெரியும்? சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். அண்ணாவுக்குக் கிடைக்கணும்னு இருந்திருப்பேன்." அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. "ஏன்க்கா எங்கிட்ட இல்லேன்னு சொன்னாரு?" என்றாள்.

சாயங்காலம் இவர் திரும்பும்போது பஸ்ஸிலேயே சிக்னல் வந்து எல்லாம் வந்துசேர்ந்திருந்தது. கால்சட்டை முழங்கால்வரை ஈரம். முகத்தில் ஈயாடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்" என்றேன்.

பையிலிருந்த எச்சத்தை எடுத்து, சிவப்பு நூல் சல்லடையில் போட்டு, அலச ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். அதுவரை நான் அந்தச் சல்லடையைத் தொட்டதில்லை.

இயக்குநர் கைகழுவிவிட்டார். யாரோ மேலிடத்துக்குப் புகார் எழுதிப்போட, தனக்கு ஒன்றும் தெரியாது, அந்த ஆள் தானாக ஏதோ உளறியிருக்கிறான் என்று எழுதிக் கொடுத்தாராம். அந்த அறிவிப்பு ரத்தானது. முறைப்படி விளம்பரம் செய்து, எல்லாரும் அறிய, புதிதாக ஆள் எடுப்போம் என்றது மையம். எப்போது என்று சொல்லவில்லை. இவருடைய ஒப்பந்தம் அந்த முறை நீளவில்லை. செதில்களை ஒட்டிவைத்த கண்ணாடித் தகடுகளையெல்லாம் துணியில் சுற்றி, உடையாமல் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

குரூப் நடத்துவதையும் விட்டுவிடுகிறேன், யாராவது எடுத்து நடத்துங்கள் என்று எழுதினார். வெளியேறியவர்கள் அதற்குள் ஒவ்வொருவராகத் திரும்பியிருந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? தவளைக்காரர் தொண்டையைக்கூடச் செருமாமல் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆனால் நடத்த மட்டும் ஒருவரும் வரவில்லை. ஆளாளுக்கு ஆய்வு, குழந்தை, முதுகுவலி. மிச்சமிருந்த ஒரே அட்மின் நான். ஆகவே இன்று அந்தக் கூட்டத்துக்கு வேலைச் செய்தி சொல்வது ஒரு பல் ஆஸ்பத்திரிக்காரி. யாராவது செய்தி அனுப்பினால் இவர் பார்த்து, ஒழுங்காக எழுதித் தருவார், நான் போடுவேன். ஆந்தைப் பொண்ணு குரூப்பில்தான் இருக்கிறாள். போன் செய்வதில்லை.

மாதங்கள் போயின. மையம் வாய் திறக்கவில்லை. இவருடைய பிறந்தநாள் வந்தது. வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அன்று காலண்டர் பக்கம் திரும்பவில்லை.

பிறந்தநாள் கழிந்து மூன்று வாரமிருக்கும், என் போனுக்கு அந்த விளம்பரம் வந்தது. மையத்தின் அலுவலகத்திலிருந்து, அட்மின் அவர்களுக்கு என்று போட்டு. அனைவரையும் சென்றடையும்படி பகிரவும் என்று கீழே ஒரு வரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பல் பிடுங்கும் குறட்டால் நசுக்கியிருப்பேன். அன்று முழுவதும் அதைப் போடாமல் வைத்திருந்தேன். நானும் ஒருமுறை ஒளித்துப் பார்க்கிறேனே என்றிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவரிடம் நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு தாள் எடுத்து, வழக்கம்போல எழுதினார். நீர்நாய் ஆய்வாளர், நிரந்தரம். எச்சப் பகுப்பாய்வில் அனுபவம் அவசியம். மீன் செதில் அடையாளம் காணத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. வயது நாற்பத்தைந்துக்குள். ஒரு வரிகூட அடித்து எழுதவில்லை.

"பிழை இருக்கானு பாரு" என்றார்.

"இல்ல. இதைப் போடணுமாங்க?"

"வந்த அன்னிக்கே போகணும். கடைசி தேதியக் கொட்டை எழுத்துல போடு."

போட்டேன். அவர் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஆகவில்லை, ஏதோ புது நம்பர்: "சார், வயசு வரம்பு ஏதாவது இருக்கா?"

அங்கேதான் எழுதியிருக்கிறது, கண் தெரியாதா என்று வெறியோடு அடித்தேன். நான் அனுப்புவதற்குள் ஜன்னலோரத்திலிருந்து பதில் போய்விட்டது.

"இருக்கு தம்பி. நாற்பத்தஞ்சு."