தறிக்காலுக்குப் போன ஆஸ்திரேலியக் கட்டை

என்னைவிடப் பெரிய முட்டாள் ஆரணியில் இருந்தால் அவருக்கு நான் டீ வாங்கித் தருகிறேன். கடைசல் பட்டறையில் மரப்பேனா செய்பவன் நான். கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான், நான் ரொம்ப நாள் கெஞ்சிய பிறகு, ஆஸ்திரேலியாவிலிருந்து கிட்ஜி என்ற அபூர்வ மரத்தில் ஒரே ஒரு சாண் துண்டு கொண்டுவந்தான். அதில் அவன் கேப்டனுக்கு நான் ஒரு பேனா கடைந்து வைக்க வேண்டும். மச்சான் பொங்கலுக்கு வந்து வாங்கிப்போவான்.

வெயில் பட்டால் வெடித்துவிடுமே என்று, பக்கத்து வீட்டு நெசவாளர் ஏழுமலையின் தறிக்கூடத்து நிழலில் அதைக் காயவைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேதான் என் மூளை பிரகாசித்தது.

மறுவாரம் போனால், ஆடிக்கொண்டிருந்த தறிக்காலுக்கு அடியில் அதை ஆப்பாக அடித்து இறக்கியிருந்தார்.

“ஏம்பா, அது கடல் தாண்டி வந்த கட்டைப்பா.”

“அதான் கல்லாட்டம் நிக்குது சார். நம்ம ஊர்க் கட்டைங்க நசுங்கிகினே இருந்துச்சி. இப்ப உருவினா தறியில இழுத்துக் கட்டின பாவு நூலு தளர்ந்து ஜரிகை கோணிக்கும். கல்யாணப் புடவைங்க.”

இப்போதெல்லாம் எந்தக் கட்டையையும் பெட்டியில் பூட்டித்தான் காயவைக்கிறேன். அந்தக் கட்டைக்காகத் தினமும் தறி முன்னால் போய்க் குந்திக்கொள்கிறேன்; ஒரு புடவை இறங்கவே பதினைந்து நாள் ஆகிறது. நேற்று பொங்கலுக்கு மச்சானே வந்துவிட்டான். அவனையும் இழுத்துக்கொண்டு போய், “எப்பதான்பா முடியும்?” என்றேன்.

ஏழுமலை தலை நிமிராமல் சொன்னார்: “இந்தப் பாவுல இன்னும் ரெண்டு புடவை இருக்குது.”