இடப்பக்கம் இழுத்த கார்

1961. கார் பாடி தட்டிச் சீராக்கும் டிங்கர் பிறந்த வருடம் அது. அவர் பட்டறையில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் பிறந்ததும் அதே வருடம்தான்.

"அதுக்குப் புது எஞ்சின், உங்களுக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட். பொருத்தம் பார்த்துத்தான் வந்திருக்கு," என்றார் மனைவி. பட்டறையின் ஓரத்தில் சீட் தைப்பது அவர் வேலை. கணவரை வாருவது உபரி வேலை.

கார் ஒரு கணக்கு டீச்சருடையது. இருபது வருடங்களுக்கு முன் அவருடைய அண்ணன் அதில் போய், ஒரு வளைவில் இடப்பக்கம் சரிந்து இறந்துபோனார். கொட்டகையில் கிடந்ததை டீச்சர் லாரியில் ஏற்றி அனுப்பியபோது அது நிறமே தெரியாத துருக்குவியல். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது டிங்கருக்கு. ஆனால் அந்த மாதிரிக் கார்கள் எத்தனையோ அவர் கைக்கு வந்து போயிருக்கின்றன.

பதினான்கு மாதம் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டிப் புதுப் பாடி செய்தார். இறுகிப்போன எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு ஜப்பான் காரின் எஞ்சினை இறக்கினார். பழையதில் மிஞ்சியவை ஸ்டீயரிங்கும், அடியில் எலும்புக்கூடு மாதிரி ஓடும் சேஸும்தான். கறுப்புப் பெயின்ட் கனமாக அப்பியிருந்த சேஸை ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நேரா இருக்கு" என்று சொல்லிவிட்டார். நூல் பிடித்து அளக்கவில்லை. அவர் கண்ணே நூல் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது. முரட்டுத்தனமாக அல்ல; பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு விரலால் இழுப்பது போல. டயரை மாற்றினார். பிரேக்கைப் பிரித்துப் பூட்டினார். இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தார். அப்படியும் இழுத்தது. பிறகு பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டார்.

வியாழக்கிழமை டீச்சர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"இழுக்குது மாஸ்டர்."

"தெரியும்மா. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"வேண்டாம், விட்டுடுங்க. அண்ணன் கடைசி மாசம் இதையேதான் சொல்லிட்டிருந்தான். ரிப்பேர் பண்ணினவர் 'பழகிடும்'ங்கிறாருன்னு சிரிப்பான். மத்ததெல்லாம் புதுசு, இது மட்டும்தான் அவன். ஞாயித்துக்கிழமை அம்மாவை உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

பழகிடும். அது டிங்கர் வாயில் தினமும் வருகிற வார்த்தை.

டீச்சர் கிளம்பியதும் காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் புகுந்து, இடப்பக்க முன்மூலையில் பெயின்ட்டைச் சுரண்டினார். வெல்டிங் வரி தெரிந்தது. அதன் அலைகள் மற்றவர்கள் வைப்பதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இடக்கையால் வெல்டிங் வைப்பவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். இப்போது நூல் பிடித்தார். மூலைக்கு மூலை அரை அங்குலம் வித்தியாசம். கம்பத்தில் மோதி ரிப்பேருக்கு வந்த ஒரு சிவப்புக் காரும், அவசரப்படுத்திக்கொண்டு நின்ற ஓர் இளைஞனும், மறந்தே போயிருந்த அந்த முகமும் திரும்பி வந்தன.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"பேயெல்லாம் இல்ல. நான்தான்," என்று வரியைக் காட்டினார்.

மனைவி குனிந்து பார்த்தார். ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு அண்ணன் கூடவே இருக்கான்னு நினைச்சுக்கிட்டிருக்கு. சொன்னா அதுவும் போயிடும்."

"சொல்லலைன்னா அவங்க அம்மாவும் போயிடுவாங்க."

மறுநாள் மாலை டீச்சரை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் தரையில் படுத்து, அந்த வரியின் மேல் விரலை ஓட்டினார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ரெண்டு தடவையுமா அளக்கல?"

"இல்லம்மா."

டீச்சர் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை மதியம் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடியைத் தூக்கிவிட்டு சேஸை வெட்டுகிறார்கள். டீச்சர் சொன்னபடி, வெட்டப்போவது வேறொரு பட்டறைக்காரர். டிங்கர் பிடிக்கும் நூலின் மறுமுனையைப் பிடிக்க டீச்சர் வருகிறார்.