போடாத சத்தம்

போன கிழமை காது பார்க்கப் போயிருந்தேன். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமத்தச் சொன்னார்கள். கதவு மூடியதும் அந்த மணம் வந்தது. பழைய கம்பளமும் ரப்பரும் கலந்த, நெடுநாள் அடைத்து வைத்த காற்றின் மணம். நான் பட்டனை அமத்தினேன். வெளியே இருந்து சோதிக்கும் பிள்ளை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், நான் இன்னும் தொடங்கேல்லை."

தொண்ணூறுகளில் நாங்கள் நாலு பேர் வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தோம். ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாமல் போனதால் எட்டாம் வகுப்போடு நின்று, பம்பாய், பிராங்பேர்ட் என்று அலைந்து வந்து சேர்ந்தவன் நான். மேலே வீட்டுக்காரர் குடும்பம். அவர்களுடைய மகள் தர்ஷினி, பத்து வயதில் ஊரிலிருந்து வந்தவள், யூனிவர்சிற்றியில் படித்தாள். டொக்டராக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கதை இல்லை. மருத்துவப் படிப்புக்கு முதல் தடவை விண்ணப்பித்து இல்லையென்று பதில் வந்த நாளை, மேலேயிருந்து சூடும் சமையல் மணமும் இறங்கும் ஹீற்றர் குழாயால் நாங்கள் அறிந்தோம். அன்று கறி மணம் கீழே இறங்கவில்லை.

"மார்க்ஸ் எல்லாரிட்டையும் இருக்கு அண்ணை. ரிசேர்ச் செய்திருக்கிறியோ எண்டுதான் பாக்கினம்," என்றாள்.

அதனால் காது கேட்பதைப் பற்றி ஆராயும் ஒரு பேராசிரியரிடம் சம்பளமில்லாமல் சேர்ந்தாள். அவர் நல்ல கடிதம் தந்தால் அடுத்த முறை எடுபடும். சோதனைக்கு ஆட்கள் போதாமல் எங்களைக் கேட்டாள்.

"எலி கிடைக்கேல்லையோ பிள்ளை?" என்றான் எங்களோடு இருந்த நேசன். டோனட் தருவார்கள் என்றதும் முதலில் சப்பாத்து மாட்டியவனும் அவன்தான்.

கம்பளமும் ரப்பரும் மணக்கும், வெளிச் சத்தம் ஒன்றும் புகாத அறை அது; கையில் ஒரு பட்டன். ஒவ்வொருவராகப் போனோம். முதலில் என் இரத்தம் ஓடுவது கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. மெல்லிய விசில்கள் வந்தன, அமத்தினேன். பிறகு மிகத் தொலைவில், தாழ்வாக, ஓர் இரைச்சல். அமத்தினேன். அது கிட்ட வரவும் இல்லை, விலகவும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நேசனின் மடியில் டோனட் கடிபடாமல் இருந்தது.

இதையும் சொல்ல வேண்டும். மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேதான் எங்களுக்கு வேர்ஹவுஸ் வேலை. நாள் முழுக்கத் தலைக்கு மேலே பிளேன் போகும். நாங்கள் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர்ஷினி கீழே இறங்கி வந்தாள். ஆட்களைச் சோதிக்க, இடையிடையே ஒரு சத்தமும் போடாமல் விடுவார்களாம். நாங்கள் நாலு பேரும் அங்கேயும் அமத்தியிருந்தோம். இவர்களுக்குச் சொன்னது விளங்கவில்லை, நீக்கிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். நீக்கினால் முடிவுகள் சுத்தமாக வரும். கடிதமும் வரும்.

"அண்ணை, உண்மையா என்ன கேட்டது?"

நான் நேசனைப் பார்த்தேன்.

"பொம்மர்," என்றான். குண்டு போட வரும் விமானத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். "தூரத்தில. சுத்திக்கொண்டு நிண்டது."

தர்ஷினி படியிலேயே இருந்துவிட்டாள்.

"நானும் உள்ளுக்க இருந்து பாத்தன். நானும் அமத்தினன்."

அந்த நேரம் பார்த்து ஹீற்றர் நின்றது. நேசன் எழும்பிப் போய் ரீவியைப் போட்டான். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவள் போய், எங்களுக்குக் கேட்டது என்னவென்று விளக்கி, எங்களை நீக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். கடிதம் இனிக் கிடைக்காது என்றே நினைத்தாளாம். பேராசிரியரோ, இதைத் தனியாக எழுதிக் கொண்டு வா என்றாராம். பிறகு நேர்முகத் தேர்வில், ஆராய்ச்சியில் என்ன பிழைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் எங்களைப் பற்றிச் சொன்னாள்.

"பிழையெண்டு வெட்டமுதல் அந்த ஆளைக் கேக்கோணும் எண்டன் அண்ணை."

இடம் கிடைத்த செய்தி ஆட்டிறைச்சிக் கறியாகக் குழாயால் இறங்கியது.

அந்தச் சோதனை அறை இருந்த கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கண்ணாடிக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். வீடு கைமாறிவிட்டது. நேசன் போய்ச் சேர்ந்துவிட்டான். தர்ஷினி யூனியன்வில்லில் டொக்டர். என்னைக் காது பார்க்க அனுப்பியதும் அவள்தான்.

சோதனை முடிந்து கதவைத் திறந்த பிள்ளை பக்குவமாகத்தான் சொன்னாள். "தாழ்ந்த சத்தங்கள் உங்களுக்கு இனிக் கேக்காது அங்கிள்."

பஸ்ஸின் உறுமல், பிரிஜ்ஜின் முனகல், ஹீற்றர் எல்லாம் போய்விட்டனவாம். சரி பிள்ளை என்று தலையாட்டினேன். அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே என் விரல் இன்னொரு தடவை பட்டனை அமத்தியது.