அப்பா குடிக்காத பாத்திரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோவிலில் திருவிருந்தின் திராட்சை ரசத்தைப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் குடிப்பார்கள். பாத்திரம் பிடிப்பவர் பெரியப்பா. வாரம் முழுக்கக் கங்காணியாகக் கத்தித் தீர்க்கும் மனுஷர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியைப் போட்டதும் பரம சாதுவாகிவிடுவார்.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, எங்கள் ஆங்கிலிக்கன் சபையின் பிஷப்மார்களுக்குள் எங்கோ வெளிநாட்டில் சண்டை மூண்டது. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதை ஆசீர்வதிக்கலாமா என்று ஆரம்பித்து, சபை ஒன்றாக இருப்பதா பிரிவதா என்பதில் வந்து நின்றது. எங்கள் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சண்டை அப்பாவின் கைப்பேசிக்கு வீடியோவாக வந்து குவிந்தது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆசீர்வதிக்கிறவர்களை விட்டுப் பிரிந்துவிட வேண்டும் என்பது அப்பா கட்சி. சேர்ந்தே இருப்போம் என்பது பெரியப்பா கட்சி.

அந்த ஞாயிறு, பீடத்தின் முன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நானும் ஆசீர்வாதத்துக்காக முழங்காலில் நின்றேன். பெரியப்பா பாத்திரத்தை நீட்டினார். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார்.

"குடிப்பா தம்பி," என்றார் பெரியப்பா.

"வேணாம்ணே. தப்புன்னு தெரிஞ்சும் அவங்களோட சேந்து நிக்கிற சபை. இதுல எனக்குப் பங்கு வேணாம்."

"அந்தச் சண்ட எங்கயோ நடக்குது லா. நீ என் தம்பிடா."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் முன்னால் உட்காரக்கூடக் கூச்சப்படுகிற அப்பாவா இவர்? பாத்திரம் சாய்ந்து, ரசம் பெரியப்பாவின் அங்கியில் சிந்தியது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அப்பாவின் பேச்சைத் தட்டியே அறியாத அம்மா அந்தப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததுதான்.

அடுத்த ஞாயிறு காலை, பிரிந்து போனவர்கள் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு கடையின் மாடியில் நடத்திய ஆராதனைக்குப் போக அப்பா மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அம்மா பைபிளோடு கோவில் மேட்டில் ஏறினார். புதுக் கவுனோடு வாசலில் நின்ற என்னை இருவருமே திரும்பிப் பார்த்தார்கள். கூப்பிடவில்லை.

கோவிலுக்கே லீவு கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு உள்ளே ஓடி, கார்ட்டூன் போட்டேன். கூப்பிட்டு நான் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இருவருமே பயந்திருக்கிறார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.