தராசில் ஏறாத பூனை

தீவனக் கடையில் வேலை என்றால் தவிடும் புண்ணாக்கும் நிறுத்துக் கொடுப்பது என்று நினைத்துத்தான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு இலுப்பூரில் வந்து நின்றேன். வாங்க வருகிற அத்தனை பேரும் மாட்டு டாக்டர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கடையில் நின்று பழகிய உங்களுக்கு இது புரியும்.

எங்கள் கடையில் எலி பிடிக்க ஒரு பூனை. பெயர் சின்னப்பொண்ணு, வயது பதின்மூன்று. அது படுப்பது எலக்ட்ரானிக் தராசின் மேல். அதை இறக்கிவிட்டு நிறுக்கச் சொல்லாத ஆளே கிடையாது.

செவ்வாய்க்கிழமை

அன்று காலை தராசு காலியாக இருந்தது. சின்னப்பொண்ணு மூட்டைச் சந்தில் கிடந்தது. எழுந்து நாலு எட்டு வைத்து, இடது பக்கமாக விழுந்தது. தலை கோணியிருந்தது. கண்கள், பஸ் ஜன்னலில் வேடிக்கை பார்ப்பவர் கண் மாதிரி, இப்படியும் அப்படியும் ஓடின. முதல் நாள் சாயங்காலம்வரை நன்றாக இருந்த பூனை.

புண்ணாக்கு வாங்க வந்த ஆட்டுக்காரர் குனிந்து பார்த்தார். செம்மறிக்கு இப்படித் தலை கோணினால் அன்றைக்கே விற்றுத் தள்ளிவிடுவாராம். “இது கறிக்கடைக்கும் ஆகாது. வச்சுக்கிட்டு என்னத்தா செய்யப் போற?”

சாக்கு

முதலாளியை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை, அது விழுந்து விழுந்து எழுவதை அவரால் பார்க்க முடியவில்லை. ஒரு வெறுஞ்சாக்கை உதறி என்னிடம் நீட்டினார். வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி வேறு ஊரில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். “நடக்கிற பூனையை ஊருல விடலாம், விழுகிற பூனையை நாய்க்குத்தான் விடணும்” என்றேன். அவர் சாக்கை என் தோளில் போட்டுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார்.

சாக்கில் நாலு ஓட்டை போட்டேன். பூனையை உள்ளே வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிப் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து அண்ணன் குரல்: “புதுக்கோட்டை பஸ்ஸு அங்கிட்டு நிக்கிது, நீ இங்கிட்டு எங்க போற?”

மாட்டாஸ்பத்திரி

வரிசையில் எனக்கு முன்னால் சினை மாடு, பின்னால் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டி. நடுவில் கத்துகிற சாக்கோடு நான். சிரித்தவர்களை முறைத்தேன்.

டாக்டரம்மா காதைப் பார்த்தார், கால்களை அமுக்கிப் பார்த்தார். விஷம் மாதிரித் தெரியவில்லை, உள்காதில் நிதானம் கெட்டிருக்கலாம், வயசான பூனைக்குத் திடீரென்று இப்படி வரும், பல நேரம் தானாகவே தேறும் என்றார். தேறாவிட்டால் ஊசி போட்டு, கஷ்டமில்லாமல் அனுப்பிவிடலாம். எது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். எதை வைத்துச் சொல்வது என்று கேட்டேன். “திங்கிதா, எடை நிக்கிதான்னு பாரு. ஒங்க கடையில தராசு இருக்குல்ல?”

போணிக்கு முன்னால்

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எடை விடாமல் இறங்கினால் நானே ஊசிக்குத் தூக்கிப்போவேன், அதுவரை யாரும் சாக்கைத் தொடக்கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அட்டைப்பெட்டியில் படுக்கை. மத்தி மீனை முள் எடுத்துப் பிசைந்து விரலால் ஊட்டினேன். பாதி என் சட்டையில்.

தினமும் காலையில் தராசில் முதலில் நான் தூக்கி வைத்தது பூனையைத்தான். முதல் வியாபாரத்துக்கு முன்னால் பூனையை நிறுத்தால் கடை விளங்குமா என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் நாள் இரண்டு கிலோ எண்ணூறு. மூன்றாம் நாள் இரண்டு எழுநூறு. காத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. மறுநாளும் இறங்கினால் ஊசிக்குக் கிளம்புவது என்று சாக்கை மடித்து வைத்தேன். மறுநாள் அதே எழுநூறு. முகத்தைத் திருப்பியிருந்த அண்ணன் எட்டி எடையைப் பார்த்தார். “நாளைக்கும் போணிக்கு முன்னாடியே நிறுத்துப் பாரு.”

தவிடு

பதினைந்தாம் நாள். குடுமியான்மலையிலிருந்து வருகிற அக்காவுக்குத் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தேன். மூட்டைச் சந்திலிருந்து சின்னப்பொண்ணு கோணிய தலையோடு வந்தது. தராசில் ஏறப் பார்த்துச் சறுக்கியது. நான் கை கொடுக்கவில்லை. மறுபடி ஏறி, தவிட்டுச் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. நான் அப்படியே நின்றேன். “ஏத்தா, பூனைய எறக்கிட்டு எடை போடு.”

அந்தப் பதினைந்து நாளில் வாடிக்கையாளர்கள் சொன்ன யோசனைகளில் நான் கேட்டு நடந்தது அந்த ஒன்றுதான், அதையும் உடனே செய்யவில்லை.